கூப்பிட்டது யார்? ரிமோட் டெஸ்க்டாப், ஸ்கிரீன் ஷேரிங்: வாசகர் கேள்வி – பதில்

கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவின் லேப்டாப்பில் பிரின்டர் மக்கர் செய்கிறது. வாட்ஸ்அப் வீடியோ காலில் ஸ்கிரீன் ஷேர் செய்யச் சொன்னேன். பார்க்க முடிகிறது, கிளிக் செய்ய முடியவில்லை. இங்கிருந்தே சரிசெய்ய வழி உண்டா?
– வாசகி, பெரம்பூர்

வாட்ஸ்அப் ஸ்கிரீன் ஷேர் காட்டுவதோடு சரி. அப்பாவின் திரை உங்களுக்குப் படமாக வரும். உங்கள் மவுஸ் அங்கே போகாது. கைவைத்து வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கென்றே இருக்கும் மென்பொருள் வேண்டும். இருவரிடமும் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் மைக்ரோசாஃப்டின் ‘குயிக் அசிஸ்ட்’ போதும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும்.

உதவுபவர் நீங்கள் என்பதால் மைக்ரோசாஃப்ட் கணக்கு உங்களுக்குத்தான் வேண்டும், அப்பாவுக்கு வேண்டாம். ‘ஹெல்ப் சம்ஒன்’ அழுத்தி உள்ளே போனால் ஒரு குறியீடு வரும். அதைப் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள். அது 10 நிமிடம்தான் செல்லும். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து உட்கார்வதற்குள் காலாவதியாகிவிடும், ஆகவே அவர் லேப்டாப் முன்னால் தயாராக உட்கார்ந்த பிறகு குறியீட்டை எடுங்கள். அவர் இரண்டு முறை ‘அலவ்’ கொடுக்க வேண்டியிருக்கும்: திரையைக் காட்ட முதல் முறை, நீங்கள் ‘ரிக்வெஸ்ட் கன்ட்ரோல்’ கேட்டதும் இரண்டாம் முறை.

பிரின்டர் டிரைவரைப் போடும்போது உங்கள் பக்கம் திரை திடீரென்று கறுத்துப் போகும். இணைப்பு அறுந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள். ‘இந்த ஆப் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா?’ என்று விண்டோஸ் கேட்கும் பெட்டி தனிப் பாதுகாப்புத் திரையில் வரும். அது உங்களுக்குத் தெரியாது. “அப்பா, இப்போ ‘எஸ்’ அமுக்குங்க” என்று சொன்னால் போதும், படம் திரும்பிவிடும்.

தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளை அக்காவின் மேக்புக்கில் போட்டோம். வால்பேப்பர் மட்டும்தான் தெரிகிறது.
– வாசகர், வேளச்சேரி

அனுமதி கொடுக்கப்படவில்லை. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் ‘ஸ்கிரீன் ரெக்கார்டிங்’கில் எனிடெஸ்க்கை இயக்குங்கள். மவுஸ் நகர ‘ஆக்சசிபிலிட்டி’யிலும் இயக்க வேண்டும். பிறகு எனிடெஸ்க்கை முழுவதுமாக மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. வீட்டிலிருந்து விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகக் கணினிக்குள் போகிறேன். எல்லாம் நன்றாக வருகிறது, ஆனால் அந்தக் கணினியில் செருகியிருக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் மட்டும் தெரியவில்லை. நேரில் போய் உட்கார்ந்தால் தெரிகிறது!
– வாசகர், மயிலாப்பூர்

டோக்கனில் பழுது எதுவும் இல்லை. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருந்தாலும் விண்டோஸ் அதை ஸ்மார்ட் கார்டாகவே (சிப் பதித்த அடையாள அட்டையாகவே) பார்க்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்தவருக்கு, அவர் எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாரோ அதில் உள்ள ஸ்மார்ட் கார்டைத்தான் விண்டோஸ் காட்டும். அலுவலகத்தில் செருகியது அலுவலகத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும்.

டோக்கனை வீட்டுக்கு எடுத்துவர முடிந்தால் வீட்டு லேப்டாப்பில் செருகுங்கள். டோக்கனுக்கான மென்பொருள் இரண்டு கணினியிலும் இருக்கட்டும். இணைப்பதற்கு முன் ‘ஷோ ஆப்ஷன்ஸ்’, ‘லோக்கல் ரிசோர்சஸ்’, ‘மோர்’ வரை போய் ஸ்மார்ட் கார்டு என்ற இடத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். அலுவலகத்தை விட்டு டோக்கன் வெளியே வரக்கூடாது என்றால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒன்றைப் பயன்படுத்துங்கள். அவை புதிதாக ஒரு நுழைவை உண்டாக்காமல் அங்கே ஓடும் திரையையே காட்டுவதால் டோக்கன் தெரியும். டோக்கனின் ‘பின்’ (PIN) நம்பரை மட்டும் ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். சில முறை தவறினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், ரிட்டர்ன் கடைசி நாளில் அது பெரிய வேதனை.

எங்கள் பட்டறையில் டாலி (கணக்கு மென்பொருள்) ஒரே கணினியில் இருக்கிறது. வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து வைத்துக் கொடுத்திருக்கிறார் கணினிக்காரர். நானும் கணக்காளரும் ஒரே நேரத்தில் போனால் ஒருவர் வெளியே தள்ளப்படுகிறார்.
– வாசகர், அம்பத்தூர்

வெளியே தள்ளுவது பிறகு. முதலில் அந்தப் போர்ட்டை இன்றே மூடச் சொல்லுங்கள். 3389 ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாசல் என்பது உலகத்துக்கே தெரியும். இணையத்தில் திறந்திருக்கும் 3389-களைத் தேடிக் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. உள்ளே வந்தவர்கள் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பார்கள். டாலி டேட்டா முழுவதும் அதில் அடங்கும். 2019 மே மாதம் வெளியான ‘புளூகீப்’ ஓட்டையில் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. விண்டோஸ் 7-உம் அதற்கு முந்தையவையும் அதில் சிக்கின. போர்ட் எண்ணை வேறாக மாற்றிவைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது, எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கிறார்கள். விபிஎன் (இணையத்தில் மற்றவர் எட்டிப்பார்க்க முடியாத தனிப் பாதை) போட்டு, அதற்குள் நுழைந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப் போவதுதான் சரியான முறை.

விண்டோஸ் ப்ரோ ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் அனுமதிக்கும். அந்தத் தடையை உடைக்கும் இலவசக் கோப்புகளைக் கணினிக்காரர் காட்டினால் மறுத்துவிடுங்கள். அது உரிம மீறல், விண்டோஸ் அப்டேட் வந்ததும் நின்றும் போகும். இருவர் சேர்ந்து வேலை செய்ய டாலியின் பல பயனர் உரிமமோ, விண்டோஸ் சர்வரும் அதற்கான பயனர் உரிமங்களுமோ தேவை. செலவுதான்.

‘மின் கட்டணம் கட்டவில்லை, இன்று இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று மெசேஜ். அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு ஆப் போடச் சொன்னார், அதில் வந்த நம்பரைக் கேட்டார், 10 ரூபாய் கட்டச் சொன்னார். கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் போய்விட்டது. ஆப்பை நீக்கிவிட்டேன். போதுமா?
– வாசகர் (வயது 68), தாம்பரம்

போதாது ஐயா. இப்படி மாட்டிக்கொண்டவர் யாராக இருந்தாலும் முதலில் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா பாருங்கள். இணையம் இல்லாவிட்டால் அவர்களால் உங்கள் போனைப் பார்க்கவோ இயக்கவோ முடியாது. அடுத்து, வீட்டில் வேறொருவரின் போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். அது நிற்கும் இடத்தில் முடக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வங்கியையும் அழைத்துக் கணக்கு, கார்டு, யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பணம் போன எஸ்எம்எஸ்களை அழிக்காதீர்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவுசெய்யுங்கள்.

அதன் பிறகுதான் போன். செட்டிங்ஸில் ‘ஆக்சசிபிலிட்டி’, ‘டிவைஸ் அட்மின்’ இரண்டிலும் உங்களுக்குத் தெரியாத ஆப் இருந்தால் அணைத்து நீக்குங்கள். முதல் ஆப் வழியாக இன்னொன்றை ஏற்றிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. மெயில், நெட் பேங்கிங் கடவுச்சொற்களை வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

அவர்கள் எப்படி எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பல வங்கி ஆப்கள் திரைப் பகிர்வில் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் ஒரு போலி வலைப்பக்கத்தில் ‘10 ரூபாய்’ கட்ட வைக்கிறார்கள். அங்கே நீங்கள் அடிக்கும் கார்டு எண்ணும், மேலே எட்டிப்பார்க்கும் ஓடிபியும் அவர்களுக்கு அப்படியே தெரிகின்றன. கேட்ட அந்த நம்பர் உங்கள் போனின் விலாசம். நீங்கள் கொடுத்த ‘அனுமதி’தான் சாவி.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை உத்தரவுப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம் வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை அவர் பொறுப்பு. சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடாதீர்கள்.

பெரம்பூர் வாசகியின் அப்பாவும் நீங்களும் செய்தது ஒரே காரியம்தான். அங்கே திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது மகள். ஆப் நல்லதா கெட்டதா என்று பார்க்காதீர்கள். முன்பின் தெரியாதவர் போனில் ஆப் போடச் சொன்னால் அங்கேயே இணைப்பைத் துண்டியுங்கள்.

இரவு அலுவலகக் கணினியில் எனிடெஸ்க் சேர்வதே இல்லை. காலையில் சரியாக இருக்கிறது.
– வாசகி, கிண்டி

கணினி தூங்கிவிடுகிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் மின்சாரத்தில் இருக்கும்போது ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள். திரை அணைவதில் தவறில்லை. கரன்ட் போய் வந்தால் தானாக எழ, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பில்) மின்சாரம் திரும்பியதும் இயங்கும் அமைப்பை ‘ஆன்’ செய்யவேண்டும். அதன் பெயர் போர்டுக்குப் போர்டு மாறும். ரவுட்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். எனிடெஸ்க்கை வெறுமனே திறந்து ஓட்டாமல் முறையாக இன்ஸ்டால் செய்து, ஆள் இல்லாதபோது நுழைவதற்கான கடவுச்சொல்லையும் வைத்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் கணினியை ரீஸ்டார்ட் செய்து, அதில் லாகின் செய்யாமல் உங்கள் போனின் மொபைல் டேட்டாவிலிருந்து ஒருமுறை சேர்ந்து பாருங்கள்.