பாதி வளர்ப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. மூன்று ஆண்டுகள் வளர்த்த சாம்பல் பூனை, சென்ற தை மாதம் சம்பா அறுப்புக்கு முன், வயலில் மருந்து தின்ற எலியைத் தின்று செத்துப்போனது. மருத்துவரிடம் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "பூனைக்காகவா இப்படி அழுவார்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். இப்போது வேறொரு பெட்டைப் பூனை எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் நான்கு குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் கண் திறந்துவிட்டன. சாக்கில் போட்டு ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடச் சொல்கிறார் மாமியார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பூனை முடி மூச்சில் போனால் இளைப்பு வரும் என்பது அவர் பயம். எனக்கு வளர்க்கவும் ஆசை, இன்னொரு சாவைப் பார்க்கவும் தெம்பில்லை. நாய் மனிதரை நம்பும், பூனை வீட்டைத்தான் நம்பும் என்கிறார்களே. அது உண்மையென்றால் நான் பட்ட துக்கத்துக்கு அர்த்தம் உண்டா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நீங்கள் அழுததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்த உயிர் போனால் வீடு வெறிச்சோடித்தான் போகும்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பூனை வீட்டைத்தான் நம்பும் என்று நானும் நினைத்திருந்தேன், 2018 வரை. மன்னார்குடியில் எங்கள் கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. எங்கள் கறுப்புப் பெட்டை அங்கே விறகுக்குப் பின்னால் மூன்று குட்டி போட்டிருந்தது. கிட்டே போனால் சீறும். நான் பார்த்துவிட்டேன் என்பதற்காகவே குட்டிகளைக் கவ்வி இரண்டு முறை இடம் மாற்றியது. நவம்பர் 15 இரவு கஜா புயல் வந்தது. நள்ளிரவுக்குப் பிறகு காற்று ஊளையிட்டது. பக்கத்தில் எங்கோ தென்னை முறிந்து விழுந்தது. இருட்டில் கொல்லைக் கதவைப் பிறாண்டும் சத்தம். திறந்தேன். உடம்பெல்லாம் நீர் சொட்ட, வாயில் ஒரு குட்டியோடு உள்ளே வந்தது. கூடத்தில் நான் விரித்திருந்த பாயில், தலையணைக்குப் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டுத் திரும்பக் கதவருகே போய் நின்றது. அந்தக் காற்றில் அதற்காக மறுபடி மறுபடி கதவைத் திறந்து சாத்தினேன். மூன்றாவது குட்டியையும் கொண்டுவந்து சேர்த்தபின் என் விலாவோடு ஒட்டிப் படுத்து, அவற்றை நக்கத் தொடங்கியது. விடிந்து பார்த்தபோது கொட்டகையில் நான்கு கால்கள்தாம் மிஞ்சியிருந்தன.

ஒளிந்துகொள்ள அந்த வீட்டில் பரண் இருந்தது, நெல் மூட்டை அடுக்கிய அறை இருந்தது. அது என் பாய்க்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பழமொழியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கூப்பிட்டால் வராத, அதட்டினால் அடங்காத ஒரு பிராணி, தன் விருப்பத்தால் நம்மிடம் வந்து சேர்கிறது. அதற்குச் சில பூனைகள் ஒரு மாதம் எடுக்கும், சில இரண்டு ஆண்டுகள். எதிரே உட்கார்ந்து கண்ணை மெல்ல மூடித் திறக்கும். நீங்களும் அதேபோல மெல்ல மூடித் திறந்து பாருங்கள். மறுபடி மூடித் திறக்கும். எனக்கு இந்த வயதில் இதைவிட நிம்மதி தரும் காட்சி அதிகம் இல்லை.

இனி கஷ்டங்கள். நம் டெல்டாவில் பூனையை யாரும் முழுதாக வளர்ப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை. பத்தாயத்தில் நெல் இருந்தது, நெல்லுக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. ஒரு கை மோர்ச்சோறு வைப்போம், மீதியை அது பார்த்துக்கொள்ள வேண்டும். வயிறு நிறைந்தால் எலி பிடிக்காது என்று வேண்டுமென்றே அரைவயிறாக விடுகிறவர்களும் உண்டு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அது பசியால் மட்டும் செய்கிற காரியம் இல்லை. ஆனால் பசித்த பூனை கிடைத்ததையெல்லாம் தின்னும், இரவெல்லாம் வயலில் அலையும். உங்கள் சாம்பல் பூனையை நீங்கள் அன்பாகத்தான் வளர்த்திருப்பீர்கள். ஆனால் இரவில் கதவு திறந்தே இருந்திருக்கும். நம் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

வயலில் வைக்கும் மருந்துகளில் இரண்டைச் சொல்கிறேன். ஜிங்க் பாஸ்பைடு எலியின் வயிற்றுக்குள் விஷ வாயுவாக மாறும். அந்த எலியைத் தின்றால் பூனைக்கும் ஆபத்து, இதற்கு முறிவு மருந்து கிடையாது. புரோமடியோலோன் ரத்தத்தை உறையவிடாது. அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் சோர்ந்து திரியும். சோர்ந்த எலிதான் பூனைக்கு எளிதில் அகப்படும். பூனையின் ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள். இதற்கு வைட்டமின் கே1 உண்டு, நேரத்தில் கொடுத்தால் பிழைக்கும். கதிரை எலி வெட்டும்போது விவசாயி சும்மா இருக்க முடியாது, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் வயலிலாவது மருந்துக்குப் பதில், மூங்கிலில் செய்த எலிப்பொறியான தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். ஆந்தை வந்து உட்காரக் குச்சி நடுங்கள். பக்கத்து வயலுக்கு நாம் பொறுப்பேற்க முடியாது. அதனால் பொழுது சாய்ந்தால் பூனை வீட்டுக்குள் இருக்கட்டும். ஒரு தட்டில் ஆற்றுமணல் வைத்தால் வெளிக்குப் போக அதுவே பழகிக்கொள்ளும்.

சாப்பாடு: பூனை மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து அதற்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். மத்தியோ நெத்திலியோ உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுங்கள். மீன் மட்டுமே போதாது. கோழிக்கறியும் கொஞ்சம் ஈரலும் மாற்றி மாற்றிச் சேருங்கள். குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தத்துக்குக் கெடுதல். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காமல் கழிச்சல் வரும், தண்ணீர் போதும். காய்ச்சல் என்று நினைத்து நமக்கான பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

மாமியாரின் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். ஒவ்வாமை உண்டாக்குவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம். எல்லாக் குழந்தைக்கும் அது வராது. உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே இளைப்பு இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இல்லையென்றால் தொட்டிலுக்குள் பூனை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். யாரையாவது பிறாண்டினாலோ கடித்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சாக்கில் கட்டி அக்கரையில் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். கண் திறந்து சில நாளே ஆன குட்டி, தாய் இல்லாமல் பிழைக்காது. தாயோ கொஞ்ச நாளில் மறுபடி சினையாகிவிடும். பாலூட்டும் காலத்திலேயே ஆகக்கூடும், ஒன்பது வாரத்தில் அடுத்த ஈற்று. குட்டிகளும் நான்கைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். தாய்க்கும், நீங்கள் வைத்துக்கொள்ளும் குட்டிக்கும் கருத்தடை அறுவை செய்யுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. புயலில் பிழைத்த அந்த மூன்றில் இரண்டை, வாந்தியும் கழிச்சலுமாக இரண்டே நாளில் நான் பறிகொடுத்தேன். அப்போது எனக்கு ஊசி பற்றித் தெரியாது. தெரிந்துகொள்ளாதது என் தவறு.

நான்கையும் நீங்களே வளர்க்க வேண்டியதில்லை. தாயையும் ஒன்றையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை எட்டு வாரம் கழித்து, இரவில் கதவைச் சாத்துகிற வீடாகப் பார்த்துக் கொடுங்கள்.

ஒரு காரியம் மட்டும் தள்ளிப்போட முடியாதது. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் குட்டிகள் மனிதக் கையை எளிதில் ஏற்கும். உங்கள் குட்டிகள் இப்போது அந்த நாட்களில்தான் இருக்கின்றன. நாளைக் காலை பால் கறந்து முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் மீனோடு பரணுக்குக் கீழே போய் உட்காருங்கள். தாய் சீறினால் எழுந்துவிடாதீர்கள், கையையும் நீட்டாதீர்கள். கிண்ணத்தை வைத்துவிட்டு, அது இறங்கி வந்து சாப்பிடும்வரை அங்கேயே இருங்கள்.