பிஆர்பி: குழாயில் உங்கள் பெயர் இருக்கிறதா?

“நாற்பது வயதில் பிஆர்பி செய்தால் முகம் தெளியுமா? கோலாலம்பூரில் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். பிஆர்பி என்றால் நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பிளாஸ்மாவை முகத்தில் இறக்கும் சிகிச்சை. வீட்டில் கல்யாணம் ஏதோ வருகிறது போல. எனக்கும் அப்படித்தான், அக்கா மகள் கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது.

நான் டாக்டர் இல்லை, கணக்கெழுதுகிறவள். பள்ளியில் படிவம் நான்கு படித்தபோது வந்த பருக்கள் இரண்டு கன்னத்திலும் குழியாகவே நின்றுவிட்டன. “காசைக் கரியாக்கினாயே” என்பவர்கள் அந்தக் கன்னத்தை வைத்துக்கொண்டு நாலு கல்யாண வீட்டுக்குப் போய்வரட்டும், பிறகு பேசலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு கிளினிக். தடவைக்கு 800 வெள்ளி, மாதம் ஒன்றாக மூன்று தடவை. மரத்துப்போக களிம்பு பூசி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். கையில் ரத்தம் எடுத்து மெஷினில் சுழற்றினால் சிவப்பணு அடியில் தங்கிவிடும், மேலே நல்லெண்ணெய் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதிலுள்ள பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டணுக்களைத்தான் நுண்ணூசியால் குத்திக் கன்னத்தில் இறக்குகிறார்கள். டிங்கி வந்தபோது இதே பிளேட்லெட்டுக்காகப் பப்பாளி இலைச் சாறு குடித்தவள் நான்! முகக்கவரி போட்டுக்கொண்டு எல்ஆர்டி ரயிலில் வீடு வந்தேன். கழற்றியதும் மாமியார், “யாரும்மா அறைஞ்சா?” என்றார். மூன்றாம் நாள் தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

இரண்டாம் தடவைதான் விஷயமே. மெஷினைத் திறந்தபோது எதிரெதிராக இரண்டு குழாய், இரண்டிலும் ரத்தம், ஒன்றில்கூடப் பெயர் ஒட்டவில்லை. பக்கத்து அறையில் இன்னொரு பெண் காத்திருந்தாள். “இதுல என்னோடது எது?” என்றேன். “இதுதான்கா, எனக்கு ஞாபகம் இருக்கு” என்று சிரித்தாள் நர்ஸ். நான் விடவில்லை. டாக்டர் வந்து இரண்டையும் ஒதுக்கிவிட்டு இருவருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார். அந்தப் பெண் என்னை முறைத்தாள். முறைக்கட்டும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஒரு ஸ்பாவில் இதே சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. 2018-இல் அதை மூடினார்கள், 2024-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியே அறிக்கை வெளியிட்டது. பயந்தாங்கொள்ளி என்று யாராவது கீழே எழுதுவதற்கு முன் அதைப் படிக்கவும்.

மூன்றாவதையும் அங்கேயே செய்தேன், பணம் கட்டியாயிற்றே. குழாயில் பெயரை மட்டும் நானே எழுதினேன். அழகு நிலையத்தில் ஊசி என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள். டாக்டராகவே இருந்தாலும் அழகு சிகிச்சை செய்ய சுகாதார அமைச்சு தரும் எல்சிபி சான்று உண்டா என்று கேளுங்கள். கோபம் வந்தால் அதுவே பதில்.

பலன்? குழியின் ஆழம் கொஞ்சம் குறைந்தது. நிறமும் மாறவில்லை, மூக்கோரச் சுருக்கமும் போகவில்லை.

அந்தக் கொஞ்சப் பலனையும் கல்யாண ஆல்பத்தில் பார்க்க முடியாதபடி செய்துவிட்டார் போட்டோக்காரர். கம்ப்யூட்டரில் எல்லார் முகத்துக்கும் மாவு பூசினாற்போல வெள்ளையடித்திருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்துத் தழும்பு ஒன்று அப்பா நெற்றியில் உண்டு, அதையும் காணோம். கேட்டால், “இது ஃப்ரீதான்கா, எல்லாருக்கும் செய்றோம்” என்கிறார். பழைய முகத்தோடு அச்சிட்டுத் தரச் சொல்லி இன்னும் சண்டை நடக்கிறது.