அக்காவின் மாத்திரை தங்கைக்குப் பொருந்துமா?

கேள்வி: எனக்கு 52 வயது, டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். மாதவிடாய் நின்று 14 மாதங்கள் ஆகின்றன. இரவில் உடம்பு கொதித்துத் தலையணை உறை நனைகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்ட என் அக்கா, ஈஸ்ட்ரோஜன் மாத்திரையால் நன்றாகத் தூங்குகிறார். அதையே நானும் சாப்பிடலாமா? ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறேன். புற்றுநோய் பயமும் உண்டு.

பதில்: அந்த மாத்திரை வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியே சென்றால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் அங்கே புற்றுநோய் தோன்றக்கூடும் என்பதால், கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு உடன் புரோஜெஸ்டோஜன் என்ற மற்றொரு ஹார்மோனும் தரப்படுகிறது. ஓராண்டு கடந்துவிட்ட உங்களுக்கு இரண்டையும் இடைவிடாமல் எடுக்கும் முறையே ஏற்றது. முதல் சில மாதங்களில் லேசாக உதிரம் படலாம். ஆறு மாதங்களுக்குப் பிறகும் பட்டால் பரிசோதனை அவசியம்.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் அது தடையல்ல. ஆனாலும், மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டையையோ ஜெல்லையோதான் நான் பரிந்துரைப்பேன்; விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலுக்குள் புகுந்து செல்வதால் ரத்தக்கட்டு உண்டாகும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது, வழக்கமான அளவில் தோல் வழியே செல்வது அப்படிச் செய்வதில்லை. பட்டையை அடிவயிற்றிலோ பிட்டத்திலோ, எண்ணெயும் பவுடரும் படாத உலர்ந்த தோலில், பெரும்பாலும் வாரம் இருமுறை இடம் மாற்றி ஒட்ட வேண்டும்; மார்பில் ஒட்டக் கூடாது. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஓரம் பெயர்ந்துகொண்டே இருந்தால் ஜெல்லுக்கு மாறிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜனுக்குத் துணையாக இரவில் 100 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் (ஒரு வகைப் புரோஜெஸ்டோஜன்) கேப்ஸ்யூல் தரப்படுவதுண்டு. அது தூக்கத்தையும் வரவழைக்கும். அதன் உறை பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் என்பதால், புரட்டாசியில் சைவம் காப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் பயத்துக்கு 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அதில் இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த கூட்டு மாத்திரை எடுத்தவர்களிடையே, 10,000 பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 மார்பகப் புற்றுநோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. பங்கேற்றவர்களின் சராசரி வயதோ 63. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள் தொடங்குவோரில் பெரும்பாலானவர்களுக்கு நன்மையே மிகுதி. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கடும் கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு வந்திருந்தாலோ, காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தாலோ இந்த ஹார்மோன்கள் வழக்கமாகத் தரப்படுவதில்லை. அப்போது வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.