சத்தம் அடங்கணும், சக்தி குறையக் கூடாது: வி8 காருக்கு எந்த மஃப்ளர்?

பினாங்கு குளுகோரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"அண்ணா, போன வருசம் செகண்ட் ஹேண்டில் 2016 ஃபோர்ட் மஸ்டாங் 5.0 வி8 (எட்டு சிலிண்டர்) வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் பின்பக்க மஃப்ளர் இரண்டையும் கழற்றி, குட்டையான ரேசிங் மஃப்ளர் மாட்டியிருக்கிறார். நடுவில் இருந்த ரெசனேட்டரும் (சத்தத்தைத் தணிக்கும் இன்னொரு பெட்டி) இல்லை. குலிமில் காலை ஷிப்ட், 5.15க்கே ஸ்டார்ட் செய்யணும். போர்ட்டிகோவுக்கு மேல்தான் அம்மாவின் அறை. பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ், இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர். பினாங்குப் பாலத்தில் 1,800, 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்று) போனால் காதுக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், குலிம் போய்ச் சேர்வதற்குள் தலைவலி. டெயில் பைப்புக்குள் சொருகும் சைலன்சர் அடைப்பான் போதும் என்கிறார் ஒருவர். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் செலவு பாதி என்கிறார் நண்பர். எது சரி? இஞ்சின் சக்தி குறையாமல் இருக்கணும்."

தம்பி, அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் நினைத்து எழுதியிருக்கிறீர்களே, அதற்கே முதலில் நன்றி. பட்டர்வொர்த் பக்கம் எக்சாஸ்ட் வேலையில் பல வருடம் இருக்கிறேன். சத்தத்தைக் கூட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். குறைக்கக் கேட்டு வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களிலும் பலர் ஏற்கெனவே தப்பான பொருளுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். நீங்கள் வாங்குவதற்கு முன் கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

அடைப்பான் வேண்டாம். உங்கள் காரில் இருப்பது இரண்டரை அங்குலக் குழாய் என்று வைத்துக்கொண்டால், உள்விட்டம் சுமார் 60 மில்லிமீட்டர். அடைப்பானின் நடுத்துளை 30 மில்லிமீட்டர் இருந்தால், புகை வெளியேறும் வழி கால்வாசியாகிவிடும். ஐந்து லிட்டர் இஞ்சினுக்கு அது மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறுவது போல. கூர்மையான சத்தம் குறையும். ஆனால் பாலத்தில் உங்களுக்குத் தலைவலி தரும் அந்த அடித்தொண்டை இரைச்சலை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. சக்தியும் போச்சு, இரைச்சலும் அப்படியே.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் வீண். சம அளவில் சத்தம் போடும் இரண்டு குழாயில் ஒன்றை முழுக்க வாயடைத்தாலும் குறைவது 3 டெசிபல்தான். சத்தம் பாதியானது போல் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் செய்யணும்.

இனி முக்கியமான விஷயம். உங்களிடம் இருப்பது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. விடிகாலையில் அம்மாவை எழுப்புவது ஒன்று. பாலத்தில் உங்களை வாட்டுவது இன்னொன்று. மஃப்ளர் வாங்கப் போகிறவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் கடைக்காரர் எதைக் காட்டினாலும் சரி என்றுதான் தோன்றும்.

மஃப்ளருக்குள் சத்தத்தை அடக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பஞ்சு வழி. நேரான குழாயில் ஊசித்துளைகள் போட்டு, சுற்றிலும் கண்ணாடி இழையை அடைத்து, வெளியே ஓடு போடுவார்கள். புகை தடையில்லாமல் நேராகப் போகும். சத்தம் இழைக்குள் நுழைந்து தேய்ந்துவிடும். கீச்சென்று வரும் மேல் சத்தத்துக்கு இது அருமை. அடித்தொண்டைச் சத்தத்துக்கு அவ்வளவாக உதவாது. இன்னொன்று, அறை வழி. பெட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து இரண்டு மூன்று அறைகள் இருக்கும். சத்த அலை ஒரு சுவரில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு மோதி இரண்டும் தணியும். முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அதுதான். அடித்தொண்டைச் சத்தத்தை இதுதான் பிடிக்கும். ஆனால் அதற்கு இடம் வேணும். பெரிய பெட்டி வேணும்.

உங்கள் காரில் இப்போது இருப்பது பஞ்சு வகை, அதிலும் குட்டை. ஒரு சோதனை செய்து பாருங்கள். கார் நன்றாக ஆறிய பிறகு டெயில் பைப்புக்குள் டார்ச் அடியுங்கள். வளைவு இல்லாத இடத்தில் வெளிச்சம் மறுமுனை வரை தெரிந்தால் அது நேர்க்குழாய். உள்ளே தட்டும் திருப்பமும் தெரிந்தால் அறை வகை. விரல் மூட்டால் பெட்டியின் வெளிப்புறத்தைத் தட்டியும் பாருங்கள். பஞ்சு நிறைந்திருந்தால் 'தொப்' என்று கேட்கும். காலித் தகரம் மாதிரி 'டங்' என்று கேட்டால் உள்ளே பஞ்சு எரிந்து போயிருக்கிறது.

சமீபத்தில் ஒரு பழைய மஃப்ளரைக் கிரைண்டர் வைத்து அறுத்துத் திறந்தேன். உள்ளே வெள்ளை இழையாக இருந்திருக்க வேண்டியது, மழையில் நனைந்த தேங்காய் நார் மாதிரி கறுத்து, ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி, பெட்டியின் அடியில் கிடந்தது. அதைக் கொண்டு வந்தவர், கார் ஓட ஓட சத்தம் கூடிக்கொண்டே போகிறது, இஞ்சினில் ஏதோ கோளாறு என்று பயந்து வந்தவர். இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. கிட்டத்தில் மட்டுமே ஓடும் காருக்கு இது சீக்கிரம் வரும். புகையில் இருக்கும் நீராவி மஃப்ளருக்குள் தண்ணீராகத் தேங்கும். நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகப் போகும். அதனால் பஞ்சு வகை வாங்கினால், துளைக்குழாயை ஒட்டி முதலில் ஸ்டெயின்லெஸ் கம்பளி சுற்றி, அதற்கு மேல் இழை வைத்ததாக வாங்குங்கள். சூடு நேராக இழையில் படாமல் அந்தக் கம்பளி காக்கும். பெட்டியின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருப்பதையும் பார்த்து வாங்குங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் கசிவு இருக்கிறதா என்று பார்க்கணும். இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் ஈரத்துணியைக் கனமாக மடித்து டெயில் பைப்பைச் சில வினாடி அழுத்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் குனிந்து காது கொடுக்கட்டும். 'உஸ்' என்றோ 'டிக் டிக்' என்றோ கேட்டால் எங்கோ கேஸ்கட்டோ வெல்டிங்கோ விட்டிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் எவ்வளவு நல்ல மஃப்ளர் மாட்டினாலும் பயனில்லை. தொங்கல் ரப்பர்களையும் பாருங்கள். ரப்பர் செத்து, குழாய் காரின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் முழு பாடியுமே மத்தளம் மாதிரி அதிரும்.

இவையெல்லாம் சரி என்றால், என் முதல் யோசனை புது மஃப்ளர் இல்லை. ஒரிஜினலைத் தேடுங்கள். மஸ்டாங் வாங்குகிறவர்களில் பலர் முதல் வேலையாக ஒரிஜினல் பின்பெட்டிகளைக் கழற்றி வீட்டு மூலையில் போட்டிருப்பார்கள். பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளிலும், காரின் சொந்தக்காரர்களிடமும் விசாரித்தால் கிடைக்கும். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் உங்கள் இஞ்சினை வைத்தே மாதக்கணக்கில் சோதித்தவர்கள். நடு ரெசனேட்டரோடு முழுசாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மனசுக்குள் ஒரு உறுமல் மிச்சம் இருக்கத்தான் செய்யும், வி8 அல்லவா.

கிடைக்கவில்லையா? அப்போது இப்படிச் செய்யச் சொல்வேன். பின்னால் இரண்டு பக்கமும் இடம் கொள்ளும் மட்டும் பெரிய, அறை வகைப் பெட்டி. நடுவில் இரண்டு குழாயிலும் நீளமான பஞ்சு வகை ரெசனேட்டர். மேல் சத்தத்தை நடுவிலிருப்பது வாங்கிக்கொள்ளும், அடிச்சத்தத்தைப் பின்பெட்டி வாங்கிக்கொள்ளும். இரண்டு குழாயையும் நடுவில் இணைக்கும் எக்ஸ் பைப்பும் வேணும். இந்த வி8இல் ஒவ்வொரு பக்கத்து நான்கு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. அதனால்தான் அந்த 'கடகட' வருகிறது. எக்ஸ் பைப் இரண்டு பக்கத்துத் துடிப்பையும் கலந்து சமமாக்கிவிடும். இரண்டு குழாயையும் குறுக்கே ஒரு குழாயால் இணைக்கும் ஹெச் பைப் போட்டால் குரல் இன்னும் கனமாக இருக்கும், கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அம்மாவின் தூக்கத்துக்கு எக்ஸ் தான் நல்லது.

குழாய் அளவில் ஏமாந்துவிடாதீர்கள். 'பெரிய இஞ்சின், மூன்று அங்குலம் போடுங்க' என்பார்கள். எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. குதிரைத்திறன் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி காற்றோட்டம். குழாயின் சதுர அங்குலம் ஒன்றுக்கு 115 கன அடி. உங்கள் இஞ்சினை 420 குதிரைத்திறன் என்று வைத்தால் தேவை 924 கன அடி. இரண்டரை அங்குலக் குழாய் இரண்டு சேர்ந்தால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலேயே விடும். போதும். இதற்கு மேல் பெரிசாக்கினால் சத்தம்தான் கூடும், சாலையில் உங்களுக்குத் தெரிகிற சக்தி ஒன்றும் கூடாது. சக்தி பற்றிய உங்கள் பயத்துக்கும் இதுவே பதில். மூச்சுவிட வழியிருக்கிற பெரிய பெட்டி சத்தத்தைத்தான் வாங்கும், சக்தியை வாங்காது. சின்னப் பெட்டியில் அடக்கப் பார்த்தால்தான் இஞ்சின் திணறும்.

பாலத்து இரைச்சலுக்கு வருவோம். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். எட்டு சிலிண்டர், 1,800 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 7,200 வெடிப்பு, நொடிக்கு 120. அதாவது 120 ஹெர்ட்ஸ். 2,000இல் 133. காருக்குள் இருக்கும் காற்றும் கூரைத் தகடும் அந்தச் சுருதியோடு ஒத்துப் போனால் வருவதுதான் உங்கள் 'ம்ம்ம்'. போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, நண்பரை ஓட்டச் சொல்லி, எந்த ஹெர்ட்ஸில் முனை எழும்புகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எக்ஸ் பைப்பும் பெட்டிகளும் மாட்டிய பிறகும் அந்த முனை நின்றால் மட்டும், குழாயிலிருந்து ஒரு முட்டுக்கிளை வைக்கலாம். ஒரு முனை திறந்து எக்சாஸ்ட்டோடு சேர்ந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். நீளம் அந்த அலையின் கால்பங்கு. அலை உள்ளே போய் முட்டித் திரும்பும்போது எதிர்மாறாக வந்து தன் சத்தத்தைத் தானே அழிக்கும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும். 200 முதல் 300 டிகிரியில் நொடிக்கு 435 முதல் 480 மீட்டர். 125 ஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டால் 87 முதல் 96 சென்டிமீட்டர் வரும். சரியான நீளம் உங்கள் காரின் சூட்டைப் பொறுத்தது. ஆகவே வெல்டிங் செய்கிறவரிடம், மூடிய முனையை இழுத்துத் தள்ளும்படி முதலில் வைத்து, ஓட்டிப் பார்த்து, இரைச்சல் அடங்கும் இடத்தில் மூடச் சொல்லுங்கள். இதற்குப் பொறுமை உள்ள ஆள் வேணும். அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

புகை வழியைத் திறந்து மூடும் வால்வ் வைத்த மஃப்ளரைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். ஃபோர்டே 2018 மாடலில் வி8 மஸ்டாங்குக்கு இதைக் கொண்டுவந்தது; அக்கம்பக்கத்தாருக்காக, சொன்ன நேரத்தில் மெதுவாக ஸ்டார்ட் ஆகும்படி. ஸ்டார்ட் சத்தம் சுமார் 82 டெசிபலிலிருந்து 72க்கு இறங்கும் என்று அவர்களே சொன்னார்கள். நல்ல யோசனை. ஆனால் பின்னால் சேர்த்து மாட்டும் வால்வ்கள் நம் மழையிலும் தூசியிலும் சில வருடத்தில் இறுகிப்போவதைப் பார்க்கிறேன், அதுவும் பெரும்பாலும் திறந்த நிலையில். உங்களுக்கு எப்போதும் அமைதி வேண்டும் என்றால் அசையாத பெட்டியே நல்லது.

கடல் பக்கம் வசிக்கிறீர்கள், உலோகத்தைக் கவனியுங்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். காந்தத்தைக் கொண்டு போங்கள். 304இல் நேரான தகட்டில் ஒட்டாது, வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம். எங்கும் கெட்டியாக ஒட்டினால் அது 304 இல்லை, 409 ரகமாக இருக்கலாம். 409 தாங்கும், ஆனால் மேலே துருவின் செம்மை சீக்கிரம் ஏறும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மட்டும் யார் என்ன சொன்னாலும் அகற்ற விடாதீர்கள். அதுவும் சத்தத்தைக் குறைக்கிற ஒரு பொருள், புகைக்கும் சட்டத்துக்கும் வேண்டியது. நம் நாட்டில் வாகனச் சத்தத்துக்கென்றே 1987ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. சாலைத் தடுப்பில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) நிறுத்தினால், பழைய உரிமையாளர் மாட்டியது என்று சொல்லி சம்மனிலிருந்து தப்ப முடியாது.

இன்றைக்கே காசில்லாமல் செய்யக் கூடியது ஒன்று. ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிறவர் என்றால் நாளையிலிருந்து முன்பக்கமாக நுழையுங்கள். இப்போது டெயில் பைப் இரண்டும் வீட்டுச் சுவரைப் பார்க்கின்றன. டைல்ஸ் தரை, மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர் என்றால் போர்ட்டிகோவே சத்தத்தைப் பெருக்கும் பெட்டி ஆகிவிடும். வால் வாசலைப் பார்த்தால் சத்தம் திறந்த வெளிக்குப் போகும். குளிர்ந்த இஞ்சின் முதல் அரை நிமிடம் கன்வெர்ட்டரைச் சூடாக்க வேகமாகச் சுற்றும். அது இறங்கியதும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் மெல்ல நகர்ந்துவிடுங்கள். நின்றபடியே சூடேற்ற வேண்டியதில்லை.

வேலை தொடங்கும் முன் அளவெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்த பிறகு ஒப்பிட. உலகமெங்கும் நிறுத்திய காரை அளக்கும் முறை ஒன்று உண்டு. டெயில் பைப் வாயிலிருந்து 50 சென்டிமீட்டர், 45 டிகிரி பக்கவாட்டில், குழாயின் உயரத்துக்கே மைக்கைப் பிடிக்கணும். உங்கள் மாதிரி இஞ்சினுக்கு 3,750 ஆர்பிஎம். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது; ஆனால் முன்னும் பின்னும் ஒரே போன், ஒரே இடம் என்றால் வித்தியாசம் சரியாகவே தெரியும். இதைப் பகலில், ஆள் இல்லாத இடத்தில் செய்யுங்கள். இன்னொரு அளவை மட்டும் வீட்டில் எடுக்கணும்: தங்கச்சியோ தம்பியோ போனை அம்மாவின் அறை ஜன்னல் திட்டில் வைத்திருக்கட்டும், வழக்கம்போல 5.15க்கு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், பெட்டியின் அளவைச் சேர்ந்து பார்ப்போம்.