ஸ்காட்லாந்தின் பார்ட்-டைம் கால்பந்து: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஸ்காட்லாந்துக் கால்பந்து என்றால் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்று இரண்டு பெயரோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே, பகலில் ஒரு வேலை, ராத்திரி பயிற்சி, சனிக்கிழமை மேட்ச் என்று ஓடுகிற வீரர்களின் உலகம் ஒன்று இருக்கிறது. நான் பல வருஷமாக விடாமல் பார்ப்பது அதைத்தான். எதுவேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பார்ட்-டைம் வீரர் என்றால் சம்பளம் உண்டா, இல்லை ஆசைக்கு ஆடுகிறவர்களா?

சம்பளம் உண்டு, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. தேசிய லீக்கில் மொத்தம் 42 கிளப்: பிரீமியர்ஷிப்பில் 12, அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஒவ்வொன்றிலும் 10. மேலே இருப்பவர்கள் ஃபுல்-டைம், சாம்பியன்ஷிப்பிலும் பெரும்பாலும் அப்படித்தான், லீக் ஒன்னுக்கு வந்தாலே பார்ட்-டைம் கிளப்புகள்தான் அதிகம். வழக்கமாகச் செவ்வாய், வியாழன் ராத்திரி பயிற்சி, சனிக்கிழமை மூணு மணிக்கு மேட்ச். ஆசிரியர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஆபீஸ் வேலை என்று எல்லாரும் ஒரே டிரஸ்ஸிங் ரூமில் இருப்பார்கள். ஆசைக்கு ஆடுகிறவர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலை முடிந்து நேராகக் காரில் ஏறி, குளிரில் ரெண்டு மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடியும் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள்.

அண்ணே, ஒரு பார்ட்-டைம் டீம் ஃபுல்-டைம் டீம்களோடு ஒரு சீசன் முழுக்கப் போட்டி போட முடியுமா? ஒருநாள் அதிர்ச்சி வெற்றியைக் கேட்கவில்லை.

சரியான கேள்வி, இதற்குப் பதில் ஆர்ப்ரோத். கிழக்குக் கடற்கரையில் இருபத்து நாலாயிரம் பேர் மாதிரி வாழ்கிற ஊர். மைதானத்தின் பெயர் கெய்ஃபீல்ட் பார்க், வட கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் காற்றும் புயலும் இருக்கிற நாளில் அலைத் தண்ணீர் உள்ளேயே தெறிக்கும். 2016-ல் டிக் கேம்ப்பெல் மேனேஜராக வந்தபோது டீம் லீக் டூவில் இருந்தது. 2017-ல் அதில் சாம்பியன், 2019-ல் லீக் ஒன் சாம்பியன். அப்புறம் 2021-22 சீசனில், ஒரு பார்ட்-டைம் டீம், சாம்பியன்ஷிப்பில் மாதக்கணக்கில் முதலிடத்தில் நின்றது.

2022 ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை ராத்திரி, கில்மார்னக் மைதானம். ஜெயித்தால் கில்மார்னக்குக்குப் பட்டம். ஆர்ப்ரோத்தான் முதல் கோல் போட்டது, கில்மார்னக் கடைசிக் கட்டத்தில் 2 கோல் போட்டு 2-1 என்று முடித்தது. சீசன் கணக்கைப் பாருங்கள்: கில்மார்னக் 67 புள்ளி, ஆர்ப்ரோத் 65. அப்புறம் பிளே-ஆஃப் (மேல் டிவிஷனுக்கு ஏற நடக்கும் கூடுதல் போட்டி) அரையிறுதியில் இன்வர்னெஸ்ஸோடு ரெண்டு மேட்ச், ரெண்டிலும் யாரும் கோல் போடவில்லை, பெனால்டியில் தோற்றார்கள். அந்த டீமில் விங்கர் பாபி லின் என்று ஒருவர், ஊரில் குப்பை வண்டியில் வேலை. விடியற்காலையில் தெருத்தெருவாகப் போய்க் குப்பை எடுத்துவிட்டு, நாட்டின் இரண்டாவது டிவிஷனில் ஃபுல்-டைம் டிஃபெண்டர்களைத் திணறடித்தவர். ஸ்காட்லாந்துக் கால்பந்தில் நான் மிகவும் மதிக்கிற சீசன் இதுதான். செல்டிக் வாங்கிய எந்தக் கோப்பையையும் இதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

2024-ல் ஆர்ப்ரோத் கீழே இறங்கியது. அடுத்த வருஷமே லீக் ஒன் பட்டத்தோடு மேலே ஏறிவிட்டது.

ஆனால் எப்படி? வாரத்துக்கு ரெண்டு பயிற்சி, அந்தப் பக்கம் அஞ்சு. கணக்கு உதைக்கிறதே.

பணத்தின் கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். ஸ்காட்லாந்தில் கீழ் டிவிஷன் ஃபுல்-டைம் வீரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருஷம், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் ரெண்டு. மே மாதம் முடிந்தால் அடுத்து எங்கே என்று தெரியாது. சம்பளமும் ஒரு நல்ல தொழில் தெரிந்தவர் வெளியே சம்பாதிப்பதை விடப் பெரிதாக இருக்காது. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் கையில் ஒரு தொழில், வீட்டுக் கடன், ஒரு குழந்தை என்று இருக்கிறவர் என்ன செய்வார்? வேலையை வைத்துக்கொண்டு பார்ட்-டைம் கிளப்பில் ஆடினால் ரெண்டு சம்பளம், மொத்தமாகப் பார்த்தால் ஃபுல்-டைமை விட அதிகம், முட்டி போனாலும் வாழ்க்கை போகாது. அதனால் ஃபுல்-டைமாக ஆடுகிற திறமை இருந்தும் வேண்டுமென்றே பார்ட்-டைமுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். நல்ல பார்ட்-டைம் கிளப் இவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறது. அஞ்சாறு வருஷம் ஒரே கிளப்பில் சேர்ந்து ஆடுவார்கள், ஒருவர் ஓட்டம் இன்னொருவருக்குத் தெரியும். எதிரே வருஷா வருஷம் பாதி டீமை மாற்றுகிற ஃபுல்-டைம் கிளப், அதில் பாதிப் பேர் இருபது வயதுப் பையன்கள். அஞ்சு நாள் பயிற்சி அந்த வித்தியாசத்தை அவ்வளவு சுலபமாக மூடாது. மேலே உள்ள கிளப்புகளிடமிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக, வரும் ஒன்றிரண்டு இளைஞர்களும் உதவுவார்கள். ஆனால் அது அடுத்தவர் கையில் இருக்கிற உதவி. ஆர்ப்ரோத்தின் அதே சீசனில் முன்வரிசையில் கலக்கிய ஜோயல் நூபிளை ஜனவரியில் அவருடைய சொந்தக் கிளப்பான லிவிங்ஸ்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் இருந்திருந்தால் அந்த 2 புள்ளி கிடைத்திருக்கும் என்றுதான் நான் இன்னும் நம்புகிறேன்.

எல்லாம் நல்ல கதையாகவே சொல்கிறீர்கள். மோசமாகப் போனதே இல்லையா?

போயிருக்கிறது. ஆர்ப்ரோத் இருக்கும் அதே ஆங்கஸ் பகுதியில் பிரீக்கின் சிட்டி. 2017-ல் பிளே-ஆஃப் வழியாக சாம்பியன்ஷிப்புக்கு ஏறியது. 2017-18-ல் 36 மேட்ச், ஒரு வெற்றிகூட இல்லை, 4 டிரா, 32 தோல்வி. அடுத்த வருஷம் லீக் ஒன்னிலிருந்தும் இறங்கியது, 2021-ல் தேசிய லீக்கிலிருந்தே வெளியேறியது. தயாராகாத டீம் ஒரு படி அதிகமாக ஏறினால் எவ்வளவு நாளைக்கு அந்த அடி வலிக்கும் என்பதற்கு இது உதாரணம்.

தேசிய லீக்கிலிருந்தே வெளியேறுவது எப்படி? அது மூடிய லீக் என்று படித்திருக்கிறேன்.

பழைய தகவல். 2014-15 சீசனிலிருந்து கதவு திறந்திருக்கிறது. தேசிய லீக்குக்குக் கீழே இருக்கும் வடக்குப் பகுதி ஹைலேண்ட் லீக் சாம்பியனும் தெற்குப் பகுதி லோலேண்ட் லீக் சாம்பியனும் மோதுவார்கள், ஜெயித்தவர் லீக் டூவின் கடைசி டீமோடு மோதுவார். முதல் வருஷம் மான்ட்ரோஸ் புரோரா ரேஞ்சர்ஸிடம் முதல் மேட்ச் தோற்று, இரண்டாவதில் 3-1 ஜெயித்துத் தப்பியது. அதே மான்ட்ரோஸ் மூணு வருஷத்தில் லீக் டூ சாம்பியன்! தப்பாதவர்கள்: 2016-ல் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர், 2019-ல் பெரிக் ரேஞ்சர்ஸ், அப்புறம் பிரீக்கின், கவ்டன்பீத், ஆல்பியன் ரோவர்ஸ், 2025-ல் போனிரிக் ரோஸ். 2025 வரை இவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. பெரிக் 1967-ல் கோப்பைப் போட்டியில் ரேஞ்சர்ஸை 1-0 என்று வீழ்த்திய கிளப், கவ்டன்பீத் 1992-93-ல் நாட்டின் இரண்டாவது டிவிஷனில் ஆடிய கிளப். அவர்கள் இறங்கிய நாளில் மனசு கனத்தது உண்மை. ஆனாலும் இந்தக் கதவு வேண்டும். கீழே ஜெயித்துக்கொண்டே இருப்பவருக்குப் போக ஓர் இடம் இல்லாத லீக் நியாயமான லீக் இல்லை.

போனிரிக் ரோஸுக்கு மைதானம் சரிவாக இருப்பதால் புள்ளி வெட்டினார்கள் என்பது நிஜமா?

நிஜம். 2024-25-ல் 6 புள்ளி. எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் அந்த நியூ டண்டாஸ் பார்க் ஒரு பக்கமாக நன்றாகவே சரியும், லீக் விதிக்கு அது ஒத்துவரவில்லை. கிளப் 2022-ல் மேலே வந்தபோதே அந்தச் சரிவு அங்கேதான் இருந்தது. விதி விதிதான். ஆனால் மைதானத்தைத் தோண்டிச் சமப்படுத்த ஒரு பார்ட்-டைம் கிளப்புக்கு ஆகும் செலவைப் பார்க்கும்போது, புள்ளியை வெட்டுவதற்குப் பதில் லீக்கே கை கொடுத்திருக்க வேண்டும்.

ரேஞ்சர்ஸ் நாலாவது டிவிஷனில் ஆடியபோது இந்தச் சின்ன கிளப்புகள் என்ன செய்தன?

2012-ல் ரேஞ்சர்ஸை நடத்திய கம்பெனி திவாலாகி, கிளப் கீழே இருந்து தொடங்க வேண்டி வந்தது. முதல் லீக் மேட்சிலேயே பீட்டர்ஹெட்டில் 2-2, அதுவும் ரேஞ்சர்ஸ்தான் கடைசியில் சமன் செய்து தப்பித்தது. அக்டோபரில் ஸ்டர்லிங் ஆல்பியனிடம் 0-1. ஸ்டர்லிங் அப்போது பட்டியலில் கடைசி, அவர்களுடைய மேனேஜர் அன்றைக்கு மைதானத்திலேயே இல்லை, ஏனென்றால் அன்று அவருக்குக் கல்யாணம்! அடுத்த மார்ச்சில் அனன் அத்லெட்டிக் ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸுக்கே போய் 2-1 ஜெயித்தது. அந்தச் சீசனில் வந்த கூட்டமும் டிக்கெட் பணமும் அந்த டிவிஷன் கிளப்புகளுக்குப் பெரிய வரவு.

ஆண்டி ராபர்ட்சன் நிஜமாகவே அங்கிருந்து வந்தவரா?

ஆமாம், அதே 2012-13, அதே டிவிஷன், குவீன்ஸ் பார்க். அப்போது அந்தக் கிளப்பில் சம்பளமே கிடையாது. 1867-ல் தொடங்கியதிலிருந்து 2019 வரை அமெச்சூராகவே இருந்த கிளப் அது. சிறு வயதில் செல்டிக் வேண்டாம் என்று அனுப்பிய பையன், பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இடது பக்கம் ஆடினார். அப்புறம் டண்டீ யுனைட்டட், ஹல், லிவர்பூல், 2019-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, ஸ்காட்லாந்து கேப்டன். அலெக்ஸ் ஃபெர்குசனும் குவீன்ஸ் பார்க்கில்தான் தொடங்கினார், ஆலையில் கருவி செய்யும் தொழில் பழகிக்கொண்டே. மேனேஜராக அவர் எடுத்த முதல் வேலை 1974-ல் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயரில்.

பயணம் எப்படி? சின்ன நாடுதானே.

வரைபடத்தில் சின்னதாகத் தெரியும். வடகிழக்கு மூலையில் பீட்டர்ஹெட், தென்மேற்கு மூலையில் ஸ்ட்ரான்ரார், சாலை வழியில் 400 கிலோமீட்டருக்கு மேல். மூணு மணி மேட்சுக்கு விடிவதற்குள் பஸ் ஏற வேண்டும், வீடு திரும்ப நடுராத்திரி. பத்து டீம் லீக்கில் ஒவ்வொருவரோடும் நாலு தடவை ஆட வேண்டும், அதனால் இந்தப் பயணம் ஒரு சீசனில் ரெண்டு தடவை. செவ்வாய்க்கிழமை ராத்திரி மேட்ச் என்றால் அரை நாள் லீவு கேட்க வேண்டும், லீவு கிடைக்காத வீரர் டீமில் இல்லை, அவ்வளவுதான். பார்ட்-டைம் கால்பந்தில் எனக்குக் கவலை தருவது சம்பளத்தை விட இதுதான். குழந்தை பிறந்ததும் முப்பது வயதில் நிறுத்திவிடுகிறவர்கள் பலர், கால் நன்றாக இருக்கும்போதே.

செயற்கைப் புல் ஏன் இவ்வளவு? வீரர்களுக்குப் பிடிக்காதே.

பலருக்குப் பிடிக்காது. ஆனால் சின்ன கிளப்புக்கு அது வருமானம். இயற்கைப் புல்லில் வாரத்துக்கு ஒரு மேட்ச்தான், செயற்கைப் புல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கும் மற்ற டீம்களுக்கும் வாரம் முழுக்க வாடகைக்கு விடலாம், தன் பயிற்சியும் அங்கேயே, ஜனவரி உறைபனியில் மேட்ச் தள்ளிப் போவதும் குறையும். பிரீமியர்ஷிப்பில் 2026-27 முதல் கூடாது என்று கிளப்புகளே முடிவெடுத்தன. அந்த விதியைக் கீழேயும் கொண்டுவந்தால் சில கிளப்புகள் தாங்காது.

ரெஃப்ரிகளாவது ஃபுல்-டைமா?

இல்லை, அவர்களுக்கும் வேறு வேலை உண்டு. 2010 நவம்பரில் விமர்சனம் எல்லை மீறியது என்று அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வெளிநாட்டிலிருந்து ரெஃப்ரிகளை வரவழைத்து மேட்ச் நடத்தினார்கள்.

பெண்கள் கால்பந்திலும் இப்படித்தானா?

இன்னும் அதிகமாக. முதல் டிவிஷனிலேயே மேல்வரிசைக் கிளப்புகளைத் தவிர மற்றவற்றில் பார்ட்-டைம்தான். 2019 உலகக் கோப்பைக்கு ஸ்காட்லாந்துப் பெண்கள் முதல்தடவை தகுதி பெற்றபோது, உள்ளூர் கிளப்புகளில் ஆடியவர்கள் வேலையை விட்டு முழுநேரமும் பயிற்சி செய்ய அரசாங்கம் பணம் கொடுத்தது. உலகக் கோப்பைக்கு மட்டும் இல்லாமல் அது தொடர்ந்து கிடைத்திருக்க வேண்டும்.

செல்டிக், ரேஞ்சர்ஸின் பி டீம்களை (இளைஞர்கள் ஆடும் இரண்டாவது டீம்) கீழ் லீக்கில் சேர்ப்பது நல்லதுதானே? இளைஞர்கள் வளர்வார்கள்.

எனக்கு உடன்பாடு இல்லை. 2021-22-ல் லோலேண்ட் லீக்கில் சேர்த்தார்கள், மேலே ஏற முடியாது என்ற நிபந்தனையோடு. ஏறவும் முடியாத, இறங்கவும் பயப்படாத ஒரு டீம், வாழ்வா சாவா என்று ஆடுகிற கிளப்புகளின் பட்டியலில் எதற்கு? இளைஞர் வளர வேண்டுமென்றால் லோனில் அனுப்புங்கள். ஸ்காட்லாந்து கோல்கீப்பர் கிரெய்க் கோர்டன் ஹார்ட்ஸில் இருந்து கவ்டன்பீத்துக்கு லோனில் போய் ஆடியவர்தான். அங்கே தோற்றால் பக்கத்தில் நிற்கிற சக வீரருக்கு போனஸ் போய்விடும். அந்தப் பாடம் பி டீமில் கிடைக்காது.

அண்ணா, செப்டம்பரில் டண்டீக்குப் படிக்கப் போகிறேன். ஒரே ஒரு மேட்ச் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

வாழ்த்துகள் தம்பி. ஒன்றோடு நிறுத்தாதே. ஆனால் முதலில் ஆர்ப்ரோத். டண்டீயிலிருந்து ரயிலில் இருபது நிமிஷம் மாதிரிதான், ஸ்டேஷனில் இருந்து நடந்தே மைதானத்துக்குப் போய்விடலாம். நல்ல தடிமனான ஜாக்கெட், தொப்பி, கையுறை மூணும் கட்டாயம், செப்டம்பரில்கூடக் கடல் காற்று எலும்பைத் தொடும். இந்த ஊர் மீன் கருவாடு இல்லை, புகையில் வாட்டிய ஹாடக் மீன், ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்பார்கள், மேட்சுக்கு முன்னால் வாங்கிச் சாப்பிடு. முதல் பாதி ஒரு கோல்போஸ்ட் பின்னால் நின்று பார்த்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, யார் பந்தைத் தரையோடு ஆடுகிறார்கள், யார் தெரியாமல் மேலே தூக்கி அடிக்கிறார்கள் என்று கவனி. உள்ளூர் டீம் அந்தக் காற்றை எப்படிப் பயன்படுத்துகிறது என்பது டிவியில் தெரியாது. ஃபோர்ஃபர், மான்ட்ரோஸ், பிரீக்கின் மூணும் அதே பகுதியில்தான். பிரீக்கினில் மைதானத்தின் ஒரு பக்கச் சுவரே ஒரு நீளமான புதர்வேலி, அதையும் போய்ப் பார். பார்த்துவிட்டு வந்து எழுது, எந்த வீரர் பிடித்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.