நடுவயிற்றில் இரண்டு விரல்

வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறேன். சுகப்பிரசவம், பிள்ளைக்கு 10 வாரம். வயிறு இன்னும் ஆறு மாசக்காரி மாதிரியே நிற்கிறது. அத்தை நூல் சேலையால் இறுக்கிக் கட்டிவிடுகிறார். தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்கிறார். தோழியோ தினம் 50 சிட்-அப் எடு என்கிறாள். வீட்டுக்கு வரவே 70 படி ஏறணும். அதுவே உடற்பயிற்சி ஆகாதா?
— ச.

அன்புள்ள ச.,

சிட்-அப் இப்போது வேண்டாம். முதலில் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். விரல் நுனிகள் காலைப் பார்க்கத் தொப்புளுக்கு மேலே வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை விறைத்து வருவது தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது? தொப்புளுக்குக் கீழேயும் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால், தசைகளை இணைக்கும் நார்ப்பட்டை கர்ப்பத்தில் விரிந்து இன்னும் கூடவில்லை என்று அர்த்தம். கொழுப்பே இல்லாத ஒல்லிப் பெண்ணுக்கும் இதனால் வயிறு முன்னால் தள்ளி நிற்கும். சிட்-அப் எடுக்கும்போது வயிற்றின் நடுவே கூரை முகடு மாதிரி ஒரு மேடு எழும்பும். உள்ளிருந்து வரும் அழுத்தம் அந்த மெலிந்த பட்டையைத்தான் தள்ளுகிறது.

செய்ய வேண்டியது மூச்சுப் பயிற்சி. கொடைத் தரை சில்லென்று இருக்கும். கம்பளியை இரண்டாக மடித்து விரித்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி படுத்து, மூச்சை இழுக்கும்போது விலா விரியட்டும். மெதுவாக விடும்போது, சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல அடியிலிருந்து மேலே இழுத்து, அடிவயிற்றை உள்ளே வாங்குங்கள். 5 விநாடி பிடித்து முழுதாகத் தளர்த்துங்கள். 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. பெரும்பாலானவர்கள் தவறுவது இரண்டு இடத்தில்: மூச்சைப் பிடித்துக்கொள்வது, புட்டத்தை இறுக்குவது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி இதைப் பழகாதீர்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

இரண்டு வாரம் கழித்து, மூச்சை விட்டபடியே ஒரு குதிகாலைத் தரையோடு நீட்டி மடக்குங்கள், பக்கத்துக்கு 8 தடவை. மேடு எழும்பினால் பழைய மூச்சுப் பயிற்சிக்கே திரும்புங்கள். படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழாமல், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுங்கள். குழந்தையைத் தூக்கும் கணத்தில் மூச்சை விடுங்கள்.

அத்தை கட்டுவது இடுப்புக்கு ஆதரவாக, இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்கு இருந்தால் பரவாயில்லை. இறுக்கினால் அழுத்தம் முழுக்க அடிக்கு இறங்கி, பிரசவத்தில் தளர்ந்த தசையையே தாக்கும். தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும், முக்கினால் அதே அழுத்தம்தான். குளிரில் தாகம் தெரியாது. ஒவ்வொரு தடவை பாலூட்டும்போதும் ஒரு டம்ளர் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும். பாலுக்காக நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை, ஆகவே பட்டினி கிடக்காதீர்கள். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே போதும்.

70 படி நல்ல பயிற்சிதான், ஏறும்போது. பிரச்சினை இறக்கத்தில். குழந்தையும் பையுமாக இறங்கும்போது உடம்பு தானாகப் பின்னால் சாயும், முழங்காலும் இடுப்பும் அடி வாங்கும். பையை வேறு ஆளிடம் கொடுங்கள்; முழங்கால் சற்று வளைந்திருக்கச் சின்ன எட்டாக வையுங்கள். நடைக்கு ஏரிப் பாதைதான் தோது. முழுச் சுற்று சுமார் 5 கிலோமீட்டர், சமதளம். 15 நிமிடத்தில் தொடங்கி வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள். ஓட்டம் 12 வாரத்துக்கு முன்னால் கூடாது. அப்போதும் இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசியாமல் இருந்தால்தான்.

நடந்த அன்று நின்றுபோன இரத்தம் மறுபடி சிவப்பாக வந்தால் அன்றைய அளவு அதிகம். ஓய்வெடுத்தும் நிற்கவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். கீழே ஏதோ இறங்குவது போல் இருந்தாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் தள்ளிப்போடாமல் போங்கள். வயிற்று இடைவெளி மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் அப்படியே நின்றால், பிரசவத்துக்குப் பிந்தைய உடம்பைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.