பழைய ஸ்பீட்மாஸ்டரா, புதியதா?

1861 என்ற எண் கொண்ட இயந்திரம் உள்ள பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரத்தை வாங்கலாமா, இன்னும் காசு சேர்த்து 3861 இயந்திரம் உள்ள புதியதற்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வார இறுதியில் நீச்சலும் உண்டு என்கிறீர்கள்.

முதலில் நீச்சல். நீர் புகாத் திறன் 50 மீட்டர் என்று போட்டிருந்தாலும் இதன் பக்கவாட்டில் உள்ள சாவித் திருகு மரையிட்டு மூடும் வகை அல்ல. தண்ணீரைத் தடுக்கும் வாஷர் பழசான கடிகாரத்தை நான் குளத்தில் இறக்கமாட்டேன். கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

'சமீபத்தில் சர்வீஸ் ஆனது' என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம், பில்லைக் கேளுங்கள். இதைப் போன்ற குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கடிகாரத்தின் சர்வீஸ் செலவு சாதாரணமானதல்ல. பில் இல்லையென்றால் அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தி ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, நிறுத்தி, ரீசெட் செய்து பாருங்கள். நடுவிலுள்ள ஸ்டாப்வாட்ச் முள் சரியாக 12-இல் வந்து நிற்க வேண்டும். பட்டை மாட்டும் கொம்புகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் அளவுக்கு மீறி பாலிஷ் போட்டிருக்கிறார்கள். உத்தரவாத அட்டையிலுள்ள வரிசை எண்ணையும் கடிகாரத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஹெசலைட் எனும் பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் இருந்தால் போகட்டும், தேய்த்தால் போய்விடும்.

3861 நாளுக்கு 0 முதல் +5 நொடிக்குள் ஓடும், நேரம் திருத்தத் திருகை இழுத்தால் நொடிமுள் நிற்கும். 1861-இல் நிற்காது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பில் இருந்தால் பழையதையே எடுப்பேன்.